பெண்ணுக்குக் கண்ணகி என்று பெயர் வைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. உங்களுக்கும் கணவருக்கும் 'கண்ணகி' என்ற பெயர் பிடித்திருக்கிறது. மதுரைக்காரரான உங்கள் மாமியார், "ஊரை எரிச்சவ பேரையா எம் பேத்திக்கு வைக்கப் போறீக?" என்கிறார். உங்கள் அம்மா, புருஷனைப் பறிகொடுத்தவள் பெயர் வேண்டாம், பெயர் ராசி என்று ஒன்று உண்டு என்கிறார். கூடப் படித்த தோழியோ, கற்பு கற்பு என்று சொல்லிப் பெண்களை அடக்கி வைத்த பெயர் என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். சிலப்பதிகாரத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று எண்ண முடியாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்த மூன்று பேர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். மூவரும் ஒரே கண்ணகியைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் மனதில் வைத்திருக்கும் கண்ணகி நான்காவதாக வேறொருத்தியாகவும் இருக்கலாம்.

முதலில் அம்மா. அவர் பயம் பாசத்தில் வருவது, அதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. கண்ணகியின் வாழ்க்கை துயரமானதுதான். கல்யாணத்தின்போது 'ஈராறாண்டு அகவையாள்', அதாவது 12 வயது. கொஞ்ச காலம் கணவனோடு வாழ்ந்தாள். பிறகு அவன் மாதவியிடம் போய்விட்டான். செல்வமெல்லாம் தொலைத்துத் திரும்பி வந்தவனோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தாள். போன இடத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

அம்மா பக்கம் இன்னொரு சான்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புறநானூற்றில் வேறொரு கண்ணகி வருகிறாள். பழனிப் பக்கத்தை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகனின் மனைவி. மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்தானே, அந்தப் பேகன்தான். அவனும் மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போனவன். ஆக, பழைய இலக்கியத்தில் இரண்டு கண்ணகிகள், இரண்டு பேருமே கணவன் விட்டுப் போனவர்கள்.

ஆனால் அந்தப் பாடல்களைப் பாருங்கள். 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பரிசில் வாங்கப் போகும் இடத்தில், எனக்குப் பரிசில் வேண்டாம், அவள் துன்பத்தைத் தீர் என்று அரசனிடமே கேட்கிறார்கள். பரணர் 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே' என்கிறார். பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றம் இருக்கிறது என்றும் வரவில்லை, தேரில் ஏறிப் போய் அவள் துயரைக் களை, இதுவே நான் கேட்கும் பரிசில் என்று சொல்கிற பாட்டு அது. மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லை என்ற வருத்தத்தை அந்தப் பாட்டு எழுப்பாமல் விடுவதில்லை. பெரிய வள்ளல், இருந்தும் புலவர்கள் அவள் பக்கம்தான் நின்றார்கள்.

ராசி என்று பார்த்தால் சீதா என்ற பெயரையும் தமயந்தி என்ற பெயரையும் யாருமே வைத்திருக்கக் கூடாது. நம் வீடுகளில் எத்தனை சீதாலட்சுமிகள்! கணவனைப் பிரிந்து காட்டில் அலைந்தவள் பெயர் மங்களமான பெயராகத்தானே இருக்கிறது. அப்படியென்றால் துயரம் மட்டும் காரணமில்லை. சீதை கோபப்பட்டு யாரையும் எரிக்கவில்லை, கண்ணகி எரித்தாள். உங்கள் அம்மாவின் தயக்கத்துக்கு அடியிலும் மாமியாரின் அதே பயம்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயரின் பொருளைக் கேட்டால் அம்மா கொஞ்சம் இளகுவார். கண்ணும் நகையும் சேர்ந்த பெயர், சிரிக்கும் கண்ணுடையவள் என்று சொல்வதுண்டு. ஒரு மாதக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

சரி, மாமியாரிடம் வருவோம். இந்த மூன்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர் சொன்னதுதான். மற்ற ஊர்களில் கண்ணகி ஒரு கதை. மதுரையில் அவள் நடந்த மண் இது என்று காட்டுகிறார்கள். பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் இருக்கிறது, கோவலன் வெட்டுப்பட்ட இடம் அது என்று சொல்வார்கள். கடச்சனேந்தல் என்ற ஊர்ப்பெயரையே அவள் கடைசியாகச் சிலம்பை ஏந்திய இடம் என்று விளக்குகிறவர்கள் உண்டு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு எரிந்தது தன் வீடு. அவர் அப்படிப் பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கண்ணகி மதுரையை எரித்தாள் என்பதை நான் பூசி மெழுக மாட்டேன். இடது மார்பைத் திருகி எறிகிறாள், ஊர் பற்றி எரிகிறது. எரிக்கும்போதும் அவள் தீயிடம் ஒரு கட்டளை சொல்கிறாள்: 'பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க.' குழந்தையையும் கிழவரையும் மாட்டையும் தொடாதே, தீயவர் பக்கம் மட்டும் போ என்கிறாள். இதை நான் எப்போதும் அவளுக்கு ஆதரவாகத்தான் வகுப்பில் சொல்வேன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் கண்ணகி என்றே பெயருள்ள ஒரு மாணவி எழுந்து நின்று, "தீயவங்க யாருன்னு நெருப்புக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள். நான் ஏதோ தெய்வத் தன்மை என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் உட்காரவில்லை. "அப்ப ஒண்ணும் தெரியாத வேலைக்காரங்க?" என்றாள். அன்று மணி அடித்தது, நான் தப்பித்தேன். இன்று வரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் மாமியார் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

ஆனால் கதை எரிந்த ஊரோடு முடியவில்லை. இங்கேதான் பலரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கண்ணகி மதுரையைவிட்டுப் போகும்போது சொல்வதைக் கேளுங்கள்: 'கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு.' கிழக்கு வாசலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாகப் போகிறேன். ஊரை எரித்து வென்றவள் பேசுகிற பேச்சாக இது எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலை ஏறி, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுக்குப் போகிறாள்.

பிறகு நூலின் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டம். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து அவளுக்குக் கோயில் எடுக்கிறான். அங்கே அவள் தெய்வ வடிவில் தோன்றிப் பேசுகிறாள்: 'தென்னவன் தீதிலன், தேவர்கோன் தன்கோயில் நல்விருந்து ஆயினான், நான் அவன்தன் மகள்.'

இதை உங்கள் மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். அதோடு நிற்கவில்லை, நான் அவன் மகள் என்கிறாள். கணவனைக் கொன்ற அரசனின் மகள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள்! ஏன்? தவறு தெரிந்த கணமே 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லி உயிரை விட்டவன் அவன். தன் பிழையைப் பொறுக்க முடியாமல் செத்த அந்த மனிதனை அவள் தகப்பனாக ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் நான் படிக்கிறேன். நாட்டுப்புறத்தில் வழங்கும் கோவலன் கதையில் இது இன்னும் நேரடியாக வருகிறது. அதில் அவள் பெயர் கர்ணகி. பாண்டியனின் மனைவி வயிற்றிலேயே பிறந்து, பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். ஆக, ஏட்டிலும் கூத்திலும் அவள் மதுரைக்கு வேற்றாள் இல்லை. அந்த ஊருக்கு அவள் மகள். கோபித்துக்கொண்டு போன மகள், பிறகு மனம் ஆறிய மகள்.

மனம் ஆறியது என்று சொன்னதும் மட்டக்களப்பு நினைவுக்கு வருகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கும், கண்ணகி வழக்குரை பாடுவார்கள், முடிவில் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்தவளின் வெம்மையைத் தணித்துக் குளிரச் செய்வதுதான் அந்தச் சடங்கு. அம்மை நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் அவளிடம்தான் போவார்கள். முல்லைத்தீவில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் கடல் தண்ணீரில் விளக்கெரியும் என்பது அங்கத்து நம்பிக்கை. சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள், கண்டிப் பெரஹரா திருவிழாவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் உண்டு. அவர்கள் கதையில் அவள் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள்.

அங்கேயும் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், சமண வணிகர் வீட்டுப் பெண்ணைச் சைவர்கள் கும்பிடுவதா என்று எதிர்த்தார். அந்த அலையில் பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கில் அவள் பெயர் அப்படியே நின்றது. நம் பக்கம் இடுக்கி-தேனி எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கிறது. கூடலூர் பளியன்குடியிலிருந்து மக்கள் காட்டு வழியே ஏறிப் போகிறார்கள். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பொங்கலுக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். மதுரையிலிருந்து கொடுங்கல்லூர் போகும் வழியில் கண்ணகி அங்கே தங்கினாள் என்பது அந்தக் கோயிலின் ஐதீகம். ஊர் எரித்தவள் என்று பயந்து ஒதுக்கிய பெயராக இருந்தால் இத்தனை இடத்தில் இத்தனை பேர் அவளுக்குப் பொங்கல் வைப்பார்களா?

இனி உங்கள் தோழி. அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். 'உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும்' என்று நூலின் நோக்கங்களில் ஒன்றாக இளங்கோவடிகளே சொல்லிவிட்டார். பெரியார் இந்தக் கதையைக் கடுமையாகத் தாக்கினார். அவருக்கு இது பெண்ணடிமைக்கும் மூடநம்பிக்கைக்கும் துணைபோகும் கதை. அவர் வழியில் வந்த திராவிட இயக்கத் தலைவர்களே, அண்ணாவும் கருணாநிதியும், அவளைத் தமிழின் நீதிக்கு அடையாளமாக ஆக்கினார்கள். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலை வந்தது. 2001 டிசம்பரில் அதை அகற்றியபோது எழுந்த சண்டையும் 2006 ஜூனில் மறுபடி நிறுவியதும் உங்களுக்கே நினைவிருக்கலாம். அந்தப் பெயரை அரசியலும் விடவில்லை.

வீட்டுக்குள்ளேயும் அது ஆயுதமாகப் பயன்பட்டிருக்கிறது. "பெரிய கண்ணகி இவ" என்று ஒரு பெண்ணை மட்டம் தட்டுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கணவன் எங்கே போனாலும் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் அவள் பெயரையே எடுத்துக்காட்டுவார்கள். கணவன் கையால் அடிபட்டு வந்த ஒரு தாயிடம், கண்ணகி பொறுக்கவில்லையா என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

ஏனென்றால் கண்ணகி பொறுத்தாள் என்பது அரைகுறை. தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் மூழ்கிக் காமன் கோயிலில் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று யோசனை சொல்கிறாள். கண்ணகியின் பதில் ஒரே சொல்: 'பீடன்று.' அது பெருமை இல்லை. போனவனை வரவழைக்க அவள் எங்கும் போய் மண்டியிடவில்லை. மதுரையில், கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும் முன்னால், உன்னை இப்படி வருத்திவிட்டேனே என்று கலங்குகிறான். அப்போதும் அவள், பரவாயில்லை என்று சொல்லி மழுப்பவில்லை. அறவோர்க்குக் கொடுப்பதையும் விருந்தினரை வரவேற்பதையும் நான் இழந்தேன் என்று தன் இழப்பைக் கணக்காகச் சொல்கிறாள். பிறகு 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். நீங்கள் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம். கூடவே 'மாற்றா உள்ள வாழ்க்கையேன்' என்று தன் மனதையும் சொல்கிறாள். அந்த உறுதியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால் வாய் இல்லாதவள் என்று சொல்ல முடியாது.

அப்புறம் வழக்குரை காதை. 'தேரா மன்னா, செப்புவது உடையேன்' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அடுத்து வருவதுதான் பெயர் வைக்கிற உங்களுக்கு வேண்டியது. யார் நீ என்று அரசன் கேட்டதற்கு அவள் சொல்லும் பதில் அது. புகார் என் ஊர் என்று ஊரைச் சொல்கிறாள், அந்த ஊரில் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனைச் சொல்கிறாள், வணிகக் குடியைச் சொல்கிறாள், என் கால் சிலம்பை விற்க வந்து உன்னிடம் கொலைப்பட்ட கோவலனின் மனைவி என்கிறாள். கடைசியில் 'கண்ணகி என்பதென் பெயரே.' அரசவையில், எதிரே சிம்மாசனம், கையில் ஒற்றைச் சிலம்பு, துணைக்கு யாருமில்லை. அந்த இடத்தில் அவள் தன் வாயால் தன் பெயரைச் சொல்கிறாள். அந்த வரியை வகுப்பில் படிக்கும்போது என் குரல் ஒவ்வொரு முறையும் உடையும். பிறகு நடப்பது வெறும் சாட்சி: அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். கோவலனோடு இருந்த நாளில் அவளுக்குக் கற்பரசி என்ற பெயர் கிடைத்திருக்கலாம். தெய்வமாக்கியது இந்த வழக்கு என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். இந்தக் காலத்தில் அந்தப் பெயரோடு வேறு நினைவுகளும் சேர்ந்திருக்கின்றன. 2003-இல் விருத்தாசலம் பக்கம் சாதி கடந்து மணந்ததற்காக ஓர் இளம் தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்றார்களே, அந்தப் பெண்ணின் பெயரும் கண்ணகிதான். தீர்ப்பு வர 2021 ஆனது. என் வயதுக்காரர்கள் பலருக்குப் பெயரைக் கேட்டதும் அதுவும் நினைவுக்கு வரும். சென்னையில் கேட்டால் கண்ணகி நகர். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஏழை மக்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்திய இடம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்த பிள்ளைகள் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவைத் தமிழ்நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கொண்டாடியபோது எனக்குக் கண் கலங்கியது. மறைத்த பெயர் வாய்நிறைய அழைக்கும் பெயரானது.

பழைய பெயர், பாட்டி பெயர் என்று யாராவது சொல்வார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், வகுப்பில் ஆறு பேருக்கு ஒரே மாதிரி பெயர் இருக்கும் காலம் இது. பள்ளியில் கேலி செய்வார்களா? செய்வார்கள், சிலம்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று. நான் மேலே சொன்ன மாணவிக்கும் அது நடந்தது. இப்போது அவள் செவிலியர். கண்ணகி சிஸ்டர் என்று நோயாளிகள் பெயரை மறக்காமல் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாள். குழந்தைக்குக் கதையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், பிறர் வாயால் பாதிக் கதையாகத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். வீட்டில் கூப்பிட 'கண்ணு' தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்குத் தமிழ்நாட்டில் 'ஜி' போடுவார்கள், இலங்கைத் தமிழர் 'கே' போடுவார்கள். எதையாவது ஒன்றை முடிவுசெய்து எல்லாச் சான்றிதழிலும் அதையே எழுதுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்வேன்: மாமியாரை எதிர்த்து இந்தப் பெயரை வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் வாய் திறந்து சொல்லாத பெயராக அது குழந்தைக்கு ஆகிவிடக் கூடாது. அவரோடு உட்கார்ந்து அந்த 'நான் அவன்தன் மகள்' வரியைப் பேசுங்கள். மதுரையில் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கும் சிலை இருக்கிறது, அவர் அங்கே எத்தனையோ முறை போயிருப்பார். குழந்தையோடு ஒருமுறை சேர்ந்து போய்வாருங்கள். அவர் மனம் இசைந்தால், பெயர் சூட்டும் நாளில் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் ஆனாலும் அவசரமில்லை. பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலே பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழி உண்டு. குழந்தைக்கு இப்போதுதான் ஒரு மாதம்.